வெறும் சீட்டில் உட்காராதவர்

கார் பார்க்கப் போகிறவர்கள் ஆதார் கார்டு எடுத்துக்கொண்டு போவார்கள். என் வீட்டுக்காரர் குஷன் எடுத்துக்கொண்டு போனார். மாதவரம் பக்கம் ஒரு பெரிய ஷோரூம். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் அவர் தோளில் தொங்கிய மூட்டையைப் பார்த்துவிட்டு, "விக்கிறவங்கள உள்ள விடக் கூடாதுண்ணே" என்றார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவருக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. "விக்க வர்லப்பா, குந்திப் பாக்க வந்துகிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தக் குஷனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது இரண்டு துண்டு. ஒன்று உட்கார, இன்னொன்று இடுப்புக்கு. நடுவில் துணி வைத்து இணைத்திருப்பதால் மடித்துத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். இடுப்புத் துண்டின் இரண்டு பக்கத்திலும் நீளமான பட்டை உண்டு. சீட்டின் முதுகைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும். தண்டையார்பேட்டையில் ஆட்டோ சீட்டு தைக்கிற கடையில் சொல்லிச் செய்தது. மேலுறை மட்டும் நான் தைத்தது, அவருடைய பழைய நீலப் பேண்ட்டை வெட்டி. எத்தனை தடவை துவைத்துப் போட்டாலும் கிரீஸ் வாடையும் அவருடைய வியர்வை வாடையும் அதை விட்டுப் போகாது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்தவர். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி டிரெய்லர் லாரியில் வைக்கிற பெரிய கிரேன். ஆபரேட்டர் உட்காருகிற கேபின் உச்சியில் தொங்கும். அதற்குத் தரையே கண்ணாடிதான். முன்னால் குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடியேதான் வேலை. சீட்டுக்குச் சாய்மானம் இருந்தது. அதில் சாய்ந்து வேலை பார்த்தவரை நான் கேள்விப்பட்டதில்லை.

கிரேன் ஒன்று, சீட்டு ஒன்று, ஷிஃப்ட் மூன்று. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேட்டர்கள் ஆளுக்கு ஒரு குஷன் வைத்திருப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர் தன் குஷனை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். ஏறுகிறவர் சீட்டைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதைக் கட்டுவார். ஒருவர் டூட்டியில் இருக்கும்போது அவர் குஷன் மேல் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. அடுத்தவர் குஷனில் உட்காருவதும் கூடாது. வெறும் சீட்டில் உட்காருவது அதைவிடக் கேவலம். புதிதாக வந்தவர்கள் அப்படி உட்கார்ந்தால் கேலி செய்தே எழுப்பிவிடுவார்களாம். இவர் வேலையை விட்ட அன்று நண்பர்கள் மாலை போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மாலை இரண்டு. இவர் கழுத்துக்கு ஒன்று, குஷனுக்கு ஒன்று. எந்த மாலை பெரியது என்று நான் கேட்டதற்கு அன்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டது வயது ஆகி அல்ல. கழுத்து எலும்பு தேய்ந்துபோயிற்று. வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. டீ கிளாஸ் பிடித்திருப்பதே தெரியாமல் நழுவவிட்டுவிடுவார். அந்தக் கையோடு ஆள் தலைக்கு மேல் கன்டெய்னரைத் தூக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள், நியாயம்தான். கார் ஓட்டுவதையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். அதன் பிறகுதான் நான் கார் கற்றுக்கொண்டேன். எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் டிரெய்லர் நிற்க, நடுவில் நான் எல் போர்டு மாட்டிய காரில் வியர்த்து வழிந்துகொண்டிருந்ததை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது. கார் இல்லாமல் எங்களால் முடியாது. எங்கள் பையனுக்காக.

அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. ஆறடி உயரம். அவனுக்கு ஆட்டிசம். சிறு வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு நாலைந்து வார்த்தைதான். சத்தம்தான் அவனுக்கு எமன். எங்கள் வீடு நெடுஞ்சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே. ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசையில் நின்றால் ஹார்னும் பிரேக் விடும் காற்றுச் சத்தமும் பொழுதுக்கும் கேட்கும். அவன் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்வான். நெற்றி வீங்கிப் போகும். வளர வளர எங்கள் இருவராலும் அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு நேராக நெடுஞ்சாலைக்கே ஓடிவிட்டான், சத்தத்தை நிறுத்தப் போகிறவன் மாதிரி. ஒரு டிரெய்லர் டிரைவர் புண்ணியவான், பிரேக் அடித்தார்.

அதற்கப்புறம்தான் மதுரையைத் தாண்டி இருக்கிற அந்த இல்லத்தைப் பற்றி என் அண்ணன் சொன்னார். அம்மா வீட்டு ஆட்கள் தெற்கத்தியர்கள், கல்மண்டபத்தில் மளிகை மொத்த வியாபாரம். அந்தப் பக்கம் எல்லாம் தெரியும். தோட்டம், மாடு, கோழி, சுற்றிலும் சத்தமே இல்லாத வெளி. இவனைப் போல இருபது பேர் இருக்கலாம். அவன் அங்கே முட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டான். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். "பெத்த பிள்ளையக் கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்துட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் சிலர் பேசினார்கள். ஒரு ராத்திரி வந்து அவனோடு இருந்து பார்த்துவிட்டுப் பேசட்டும் என்று சொல்லியனுப்பினேன். ஒருவரும் வரவில்லை.

வருடத்தில் இரண்டு தடவை, பொங்கலுக்கும் மே மாதத்திலும், இல்லத்தை மூடுவார்கள். அப்போது அவனை வீட்டுக்கு அழைத்து வருவோம். அந்த நாட்களில் ஜன்னலையெல்லாம் அடைத்து, மெத்தையை நிறுத்திவைத்து ஒரு அறையைச் சத்தம் வராமல் செய்துவைப்போம். ரயிலில் ஒரு தடவை கூட்டி வந்தோம். அதைப் பற்றி நான் பேசுவதில்லை. ஆகவே கார்தான். எங்கள் பழைய காரில் அவனுக்கு ஒரே இடம்தான். முன்னால் இடது பக்கம் அவன் அப்பா, அவருக்குப் பின்னால் அவன். குஷன் பட்டையின் முடிச்சு அப்பாவின் சீட்டுக்குப் பின்னால், சரியாக அவன் முகத்துக்கு எதிரே இருக்கும். முடிச்சில் மிச்சமிருக்கிற வாலைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டும் விரித்துக்கொண்டும் மதுரை முதல் திருவொற்றியூர் வரை வந்துவிடுவான். எதிரே லாரி ஹார்ன் அடித்தால் பிடி இறுகும், அவ்வளவுதான்.

திரும்பக் கொண்டுபோய் விடும்போதுதான் கஷ்டம். இல்லத்து வாசலில் வண்டி நின்றதும் பட்டையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். அழ மாட்டான். பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. அவர் முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருப்பார். பின்னால் பட்டை இழுபடுவது அவர் இடுப்பில் தெரியும். ஒரு தடவை அவர் சொன்னார், "ஒவ்வொரு வெரலா நீ எடுக்கறது எனுக்குத் தெரியும்மே."  

பழைய காரின் சீட்டு அமுங்கிப்போய்விட்டது. போன மே மாதம் போய்வந்த பிறகு அவருடைய இரண்டு கையுமே மரத்துப்போயின. சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிட்டேன். டாக்டர் கோபக்காரர். "இந்த மாதிரி வண்டியில இன்னொரு தடவ அவ்வளவு தூரம் போனீங்கன்னா கையை மறந்துடுங்க" என்றார். நான் தனியாகப் போய் அழைத்து வருகிறேன் என்றேன். அப்பா இல்லாத காரில் அவன் ஏற மாட்டான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நல்ல சீட்டு உள்ள வண்டியாகப் பார்த்து மாற்றுவது என்று முடிவு செய்தோம். பொங்கலுக்குள் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பையன் அந்தப் பொங்கலுக்கு மூடிய இல்லத்தில் காவலாளியோடு இருக்க வேண்டியதுதான்.

அப்படித்தான் குஷனோடு ஷோரூம் ஏறி இறங்கினோம்.

முதல் வண்டியின் சீட்டு பஞ்சு மாதிரி இருந்தது. விற்பனைப் பெண் அதைத் தடவித் தடவிக் காட்டினாள். இவர் குஷனைப் போட்டுக் கட்டி, ஏறி உட்கார்ந்து, முன்னால் குனிந்து முழங்காலுக்கு நடுவே பார்த்தார். "கீழ கன்டெய்னர் ஒண்ணும் இல்ல, நிமிந்து ரோட்டப் பாருங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "பொசுக்குனு உள்ள பூட்து" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இரண்டாவது வண்டியில் சீட்டின் இரண்டு ஓரமும் மேடாக வந்து ஆளை அணைத்துக்கொண்டது. பந்தயக் கார் சீட்டு மாதிரி, சார், என்றார்கள். இவருடைய குஷன் அந்த மேட்டுக்கு நடுவே உட்காரவே இல்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் நான் வாய் திறந்தேன்.

"ஏங்க, குஷனை எடுத்துட்டு ஒரு தடவ உக்காந்து பாருங்களேன். சீட்டு எப்படின்னு அப்பத்தானே தெரியும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெறும் சீட்டுலயா? இன்னாம்மே பேசற நீ?"

"இது கிரேன் இல்ல. கார்."

"எதுவா இருந்தா இன்னா? சீட்டு ஊரான் ஊட்டு சீட்டு. குஷன் நம்மளுது."

இதற்கு மேல் அவரோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். விட்டுவிட்டேன்.

மூன்றாவது வண்டி உயரமானது. ஏறும்போது குனிய வேண்டாம், இறங்கும்போது குதிக்க வேண்டாம். சீட்டு தட்டையாக, கெட்டியாக இருந்தது. குஷன் அதில் அளவெடுத்த மாதிரி படிந்தது. அவர் உட்கார்ந்தார், குனிந்தார், கையை நீட்டி மடக்கினார். ஷோரூம் பையனிடம் மணலி ரோட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். டெஸ்ட் டிரைவ் போக வேறு நல்ல ரோடு இருக்கிறது என்று அவன் கெஞ்சினான். "நல்ல ரோட்ல கட்டிலு கூட ஷோக்காதான் போவும்" என்றார். டேங்கர் லாரி ஓடி ஓடிக் குழி விழுந்த ரோட்டில் நான் ஓட்ட, அவர் இடது பக்கம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பின்னால் அந்த ஷோரூம் பையன் மேல்கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வந்தான். திரும்பி வந்து நின்றதும் அவர் சட்டைப் பித்தானை ஒன்று கழற்றி, தானே மறுபடி போட்டார். விரல் வேலை செய்தது. "இதான்" என்றார். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பர்மாக்காரர் கடையில் அவருக்குப் பிடித்த அத்தோ நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

வண்டியை டெலிவரி எடுக்கும் நாளில் ஒரு விஷயம் சொன்னார்கள். முன் சீட்டுகளின் பக்கவாட்டுக்குள் காற்றுப்பை இருக்கிறது, இடித்தால் அது வெடித்து விரிய வேண்டும், அதனால் சீட்டைச் சுற்றி எதையும் கட்டக் கூடாது. அதுவும் சரிதான் என்று அவர் பட்டைகளைச் சுருட்டிக் குஷனுக்கு அடியில் செருகிக்கொண்டார். கட்டாமலேயே அது நன்றாக நின்றது. எங்கள் இருவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. எத்தனையோ நாள் சீட்டு பார்த்தோம். முன்னாலிருந்துதான் பார்த்தோம்.

பொங்கலுக்கு முன்னால் கிளம்பி, முதல் நாள் மதுரையில் தங்கி, காலையில் இல்லத்துக்குப் போனோம். அவன் சட்டை பேண்ட்டெல்லாம் போட்டு, பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அப்பாவை முன் சீட்டில் பார்த்துவிட்டான். சிரித்தான். அவன் சிரிப்பது அபூர்வம். புது வண்டியாக இருந்தும் பின் கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டான். எனக்கு உயிர் வந்தது.

ஏறியவன் எதிரே கையை நீட்டினான். சீட்டின் முதுகு முழுக்க வழவழவென்று பிளாஸ்டிக் பலகை. மேலே தடவினான், கீழே தடவினான், ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு இறங்கிவிட்டான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி ஏறித் தடவினான். மறுபடி இறங்கினான். அடுத்த தடவை ஏறவில்லை. வாசல் மண்ணில் உட்கார்ந்து கையைக் காதுக்குக் கொண்டுபோனான். நெற்றி தரையைத் தேடிக் குனிய ஆரம்பித்தது. அந்த அசைவை நாங்கள் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

இல்லத்துப் பொறுப்பாளர் நல்ல மனிதர். மெதுவாக என்னிடம் வந்தார். "இந்த ஒரு தடவை இங்கயே இருக்கட்டும்மா. நான் பாத்துக்கிடுதேன். கட்டாயப்படுத்தினா இனிமே வண்டின்னாலே பயப்படுவான்."

அவர் சொன்னது சரி. ஆனாலும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, கார் மேல் வந்தது, காற்றுப்பை வைத்தவன் மேல் வந்தது. அவன் நெற்றிக்கும் மண்ணுக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் எதைத் தேடினான் என்பது எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் நான். எனக்கே பிடிபடவில்லை.

அவன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாது அவரால். முன் சீட்டில் உட்கார்ந்தபடியே அடியில் கைவிட்டு, சுருட்டி வைத்த பட்டையை உருவி எடுத்து, தலைக்குப் பக்கத்தில் தோள் வழியாகப் பின்னால் போட்டார். "வா நைனா" என்றார். "வந்து பாரு. இங்கதான் கீது."

பையன் தலையைத் தூக்கினான். திறந்திருந்த கதவு வழியாகப் பட்டை தொங்குவது தெரிந்தது. எழுந்து வந்தான். ஒரு காலை உள்ளே வைத்து, பட்டையின் நுனியைப் பிடித்தான். பிடித்தவன் வழக்கம் போலச் சுருட்டிச் சுருட்டி இழுத்தான். முன்பு அது முடிச்சில் நிற்கும். இப்போது முடிச்சு இல்லை. இழுக்க இழுக்கப் பட்டையோடு இடுப்புத் துண்டும் மேலே ஏறி வந்தது. அவர் பிடித்து நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, உடம்பைத் தூக்கிக்கொடுத்தார். மொத்தக் குஷனும் அவர் முதுகு வழியாக ஏறி, தோளைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. பையன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கை அதில் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு காலையும் உள்ளே வைத்தான். கதவைத் தானே சாத்திக்கொண்டான்.

"வண்டிய எடு" என்றார் அவர்.

திருச்சி தாண்டினோம். குஷனோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்த சீட்டு அது. குஷன் போனதும் அது அவருக்கு வெறும் பலகை. ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும் வண்டி தட்டும்போது அவர் தாடை இறுகுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். கிரேனில் இருந்த மாதிரியே முன்னால் குனிந்து, முழங்காலுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உடம்புக்கு உட்காரத் தெரிந்தது அந்த ஒரு விதம்தான்.

டீக்கு நிறுத்தினேன். அவரால் கிளாஸைத் தூக்க முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். பையன் பின் சீட்டில் குஷனை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தான்.

"தூங்குறான். இப்ப மெதுவா எடுத்துத் தர்றேன். விழுப்புரம் வரைக்குமாச்சும் வெச்சுக்கங்க" என்றேன்.

"வோணாம்."

"கை போயிடும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? இந்தக் கையை வெச்சுக்கிட்டு நாளைக்கு அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்ட முடியுமா உங்களால?"

அவர் பின் சீட்டைப் பார்க்க முயன்று, முடியாமல், கண்ணாடியில் பார்த்தார். "டூட்டில கீறான்மே. டூட்டில கீறவன் குஷன் மேல கை வெக்கக் கூடாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடைக்காரர் எங்களை என்ன நினைத்தாரோ தெரியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தேன்.

பொங்கல் நாட்கள் எப்போதும் போலப் போயின. அவன் அடைத்த அறையில் கரும்பு தின்றான். குஷன் அவனோடேயே இருந்தது. அதில் தலை வைத்துத்தான் தூங்கினான். வீட்டுக்காரர் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். இன்னொன்று தைத்துத் தருகிறேன், தண்டையார்பேட்டைக் கடை இன்னும் இருக்கிறது என்று நான் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அளவு கொடுக்க வரவில்லை.

திரும்பக் கொண்டுபோய் விடுகிற நாள் வந்தது. டாக்டருக்குத் தெரிந்திருந்தால் எங்களை அடித்தே இருப்பார். வழி முழுக்க எனக்குக் கடைசிக் காட்சிதான் நினைவு. அந்த விரல்கள். இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு பின் கதவைத் திறந்தேன்.

அவன் குஷனை மடித்தான். அப்பா மடிக்கிற மாதிரியே, உட்காரும் துண்டின் மேல் இடுப்புத் துண்டு. பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இறங்கினான். என் கைக்கு வேலையே இல்லை. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்காமல் தன் அறைப் பக்கம் நடந்து போனான்.

"ஐயோ, குஷன்" என்று நான் அவன் பின்னால் போகப் பார்த்தேன்.

"உடு" என்றார் அவர், முன் சீட்டிலிருந்து. "எறங்கறவன் தன்னுத எடுத்துகினுதான் போவான்."

பொறுப்பாளரிடம் மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். மண் பாதை முடிந்து நெடுஞ்சாலை ஏறினோம். பக்கத்தில் அவர் குனியவில்லை. முதல் தடவையாகச் சீட்டில் சாய்ந்தார். முதுகு, பிறகு கழுத்து, பிறகு தலை. இத்தனை வருடத்தில் அவர் எதிலும் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். சாய்ந்திருந்ததால் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் காதுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை எழவில்லை அவருக்கு.

நான் வண்டியை ஓரம் கட்டவில்லை. நிறுத்தியிருந்தால் திருப்பிக்கொண்டு போய் அவனை ஏற்றிக்கொண்டு வந்திருப்போம்.